காப்பி, தேயிலை, கப்பல்: மலையகத் தமிழரின் இடப்பெயர்வு – ஒரு நிகழ்வு ஆய்வு

மனித இடப்பெயர்வைப் பற்றிய பாடம் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களோடு முடிந்துவிடுகிறது. ஊரிலிருந்து ஆளைத் தள்ளும் காரணிகள் ஒரு பக்கம், போகும் இடத்திலிருந்து இழுக்கும் காரணிகள் மறு பக்கம். பஞ்சம், கடன், சாதிக் கொடுமை, நிலமின்மை ஆகியவை தள்ளின. கூலி, வேலை, அரிசி ஆகியவை இழுத்தன. தமிழகத்திலிருந்து இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குப் போன லட்சக்கணக்கானோரின் கதையையும் இப்படியே எழுதிவிடலாம். அப்படி எழுதினால் தவறாக இருக்காது, ஆனால் விளங்க வேண்டியது விளங்காது. தள்ளுதலும் இழுத்தலும் நூறாண்டுக் காலம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தன. ஆனால் அந்த நூறாண்டில் பெயர்வின் வடிவம் நான்கைந்து முறை மாறியது. ஆண்கள் மட்டும் போய்த் திரும்பியது, குடும்பம் குடும்பமாகத் தங்கியதாக மாறியது. தங்கியவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். நாடற்றவர்களில் லட்சக்கணக்கானோர் ஒப்பந்தக் கணக்குப்படி கப்பலேற்றப்பட்டார்கள். இந்த மாற்றங்களைச் செய்தவை இடையில் இருந்த ஏற்பாடுகள்: பயிரின் பருவம், கங்காணியின் (ஊரில் ஆள்சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் தலைவரின்) கடன், பாதை, காகிதம். இந்த ஆய்வு அந்த நான்கையும் பின்தொடர்கிறது.

பயிர் மாறியது, பெயர்வும் மாறியது

1830களிலிருந்து கண்டியைச் சுற்றிய மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. காப்பிக்கு ஆண்டு முழுவதும் அதிக ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் பருவத்தில், ஏறக்குறைய ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை, திடீரென்று நிறையப் பேர் வேண்டும். பிறகு களையெடுக்கவும் கவாத்து செய்யவும் கொஞ்சம் பேர் போதும். எனவே வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் கூலியோடு, அல்லது கூலியில் மிஞ்சியதோடு, தை அறுவடைக்குள் ஊர் திரும்பப் பார்த்தார்கள். புவியியலில் இதைச் சுழற்சிப் பெயர்வு என்கிறோம். வேலை ஓரிடத்தில், வீடு வேறிடத்தில். பிள்ளை பெறுவது, வளர்ப்பது, முதுமையில் பராமரிப்பது ஆகிய செலவெல்லாம் ஊரின் தலையில். தோட்டம் உழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டது.

1869இல் காப்பி இலைகளில் துரு நோய் கண்டறியப்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை அது. 1880களுக்குள் காப்பித் தொழில் சரிந்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வணிக அளவில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலையின் உயிரியல் வேறு. ஒரு செடியில் கொழுந்து பறித்தால் ஏழு முதல் பத்து நாளில் மறுபடி பறிக்க வேண்டும். விட்டால் இலை முற்றிவிடும். பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். ஆக ஆண்டின் எல்லா மாதமும், எல்லா நாளும் ஆள் வேண்டும். கொழுந்து பறிப்பதில் பெண்களே பெரும்பான்மை ஆனார்கள். பெண்கள் வந்தபோது குடும்பங்கள் வந்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவிலான அறைகள் முதுகோடு முதுகு ஒட்டிய லயங்கள் எழுந்தன. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவமும் வந்தது.

தமிழகத்து ஊர்களில் நிலைமை அப்படியே இருக்க, மறு முனையில் ஒரு செடி மாறியதாலேயே தற்காலிகப் பெயர்வு நிரந்தரக் குடியேற்றம் ஆயிற்று. 1876–78 பெரும் பஞ்சம் அந்தக் காலத்தோடு சேர்ந்துகொண்டது உண்மைதான். பஞ்சம் ஆட்களை அனுப்பியிருக்கும். அவர்களைத் தங்க வைத்தது தேயிலையின் பறிப்புச் சுற்று.

கடன்தான் வண்டி

மொரீசியஸ், ஃபிஜி, நேட்டால் போனவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துப் போனார்கள். இலங்கைக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை. காகிதத்தில் பார்த்தால் தோட்டத் தொழிலாளி மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகிக்கொள்ளக்கூடிய சுதந்திரக் கூலி. நடைமுறையில் அவரைக் கட்டிப்போட்டது கடன்.

அது இயங்கிய விதம் இது. தோட்டத்துத் துரை ஒரு கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், தன் உறவிலும் தெருவிலும் ஆள்கட்டுவார். ஊர்க் கடனை அடைக்க ஒரு தொகை, வழிச் சாப்பாடு, பயணச் செலவு, மலைக் குளிருக்குக் கம்பளி: எல்லாம் தொழிலாளியின் பேரில் பற்று. கங்காணியே அங்கே மேற்பார்வையாளர், கடன்காரர், பல இடங்களில் கடைக்காரரும்கூட. தன் ஆட்களில் எத்தனை பேர் காலையில் பெரட்டுக்கு (வேலைக்குமுன் ஆளெண்ணும் இடத்துக்கு) வருகிறார்களோ அத்தனை பேருக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஒவ்வொருவருக்கும் தன் உறவினர் கூட்டம்.

சங்கிலிப் பெயர்வு என்று பாடநூல் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. முன்னால் போனவர் பின்னால் வருபவருக்குத் தகவலும் உதவியும் தருகிறார் என்பது சங்கிலிப் பெயர்வின் பொது விளக்கம். இங்கே அந்த உதவிக்கு வட்டி இருந்தது. உறவு ஒரே நேரத்தில் பாதுகாப்பாகவும் பிணையாகவும் வேலை செய்தது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை, ஆற்காடு பகுதிகளின் குறிப்பிட்ட ஊர்க் கொத்துகளிலிருந்தே ஆட்கள் போனதற்கும், பக்கத்து ஊர்களிலிருந்து ஒருவர்கூடப் போகாததற்கும் இதுதான் காரணம். வறுமை வரைபடத்தை மட்டும் வைத்து இந்தப் பரவலை விளக்க முடியாது. கங்காணிகளின் ஊர் வரைபடம் வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் உச்சம் ‘துண்டு’. ஒரு கங்காணி தன் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், அந்தக் கூட்டத்தின் மொத்தக் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆட்களை விடுவிப்போம் என்று பழைய தோட்டம் ஒரு சீட்டு எழுதித் தரும். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் பற்றாக்குறையில் இருக்கும் ஒரு துரை அந்தத் தொகையையும் மேலே கொஞ்சமும் கொடுத்து ஆட்களை எடுப்பார். மேலே கொடுத்ததும் ஆட்களின் பற்றில்தான் ஏறும். எடுத்துக்காட்டாக, 50 பேர் கூட்டத்தின் கடன் 2,000 ரூபாய் என்றால், அடுத்த தோட்டம் 2,500 கொடுத்து எடுக்கும்; அடுத்த மாற்றத்தின்போது துண்டில் 2,500க்குக் குறையாமல் எழுதப்படும். இடம் மாற மாறக் கடன் வளரும். தொழிலாளிக்குக் கேட்கவே தெரியாத ஒரு பேரத்தில் அவருடைய தலைக்கு விலை ஏறிக்கொண்டே போயிற்று. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குறைந்தபட்சக் கூலி வந்தது: உயர்மலைத் தோட்டங்களில் நாளுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32, தாழ்நிலத்தில் 50, 40, 30. உயரத்துக்கு ஏற்பக் கூலி என்பது கவனிக்கத்தக்கது. மேலே குளிர், அரிசி கொண்டுசெல்லும் செலவு, வாழ்க்கைச் செலவு எல்லாமே கூடுதல்.

பாதை

பெயர்வு ஆய்வாளர் எவரெட் லீ 1966இல் தந்த சட்டகத்தில் புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டோடு இடைத் தடைகளும் தனிநபர் நிலையும் உண்டு. இந்த நிகழ்வில் இடைத் தடை என்பது உயிரைக் குடித்த ஒன்று.

காப்பிக் காலத்தில் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, வன்னிக் காட்டின் வழியே மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் நடந்தார்கள். கடல் குறுகிய வழி, நிலம்தான் கொன்றது. மக்கள் அடர்த்தி குறைந்த வறண்ட பகுதி, வற்றிய குளங்கள், மலேரியா, கூட்டம் கூட்டமாக ஒரே கிணற்றைப் பயன்படுத்தியதால் காலரா. பிழைத்தவர்கள் சமவெளியின் வெயிலிலிருந்து நேரே ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட குளிரில், நனைந்த ஒற்றைத் துணியோடு நின்றார்கள். 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்ததும் இந்தப் பாதையை நினைவில் வைத்துத்தான்.

பிறகு பாதை மாறியது. தூத்துக்குடி–கொழும்பு நீராவிக் கப்பல் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் இரு நாட்டு ரயில்களையும் இணைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறையும் வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்திய ஒரு தகரத் தகடு தொழிலாளியின் கழுத்தில் தொங்கும். அதைக் காட்டினால் வழிச் செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். பயணி தொலைந்துபோகாமல் இருக்க உதவியது என்று அதிகாரிகள் மகிழ்ந்தார்கள். ஆள் சரியான தோட்டத்துக்குப் போய்ச் சேருவதும், செலவு சரியான பற்றில் ஏறுவதும் அந்தத் தகட்டால் உறுதியாயிற்று.

மண்டபம் முகாம் இன்னும் கவனிக்கத்தக்கது. இந்திய மண்ணில், இலங்கை அரசு நடத்திய முகாம் அது. காலரா, பிளேக் பயத்தால் தொழிலாளர்களை அங்கே நிறுத்தி, மருத்துவக் கண்காணிப்பில் வைத்துப் பிறகே கப்பலேற்றினார்கள். முதல் வகுப்புப் பயணி நேரே கப்பலுக்குப் போனார். சேரும் நாட்டின் எல்லை, புறப்படும் நாட்டுக்குள்ளேயே வந்து நின்று ஏழைகளை மட்டும் வடிகட்டியது. இன்று விமான நிலையங்களில் நடக்கும் முன்னெல்லைச் சோதனையைப் படிப்பவர்கள் மண்டபத்திலிருந்து தொடங்கலாம்.

ரேவென்ஸ்டீனின் விதிகள் இங்கே எவ்வளவு நிற்கின்றன?

1885, 1889 ஆண்டுகளில் புவியியலாளர் ரேவென்ஸ்டீன் எழுதிய பெயர்வு விதிகள் பிரித்தானிய மக்கள்தொகைக் கணக்கை முதன்மையாக வைத்துப் பிறந்தவை. பெரும்பாலோர் குறுகிய தூரமே போவார்கள். நெடுந்தூரம் போவோர் பெருநகரங்களை நாடுவார்கள். பெண்கள் குறுந்தூரப் பெயர்வில் அதிகம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எதிரோட்டம் உண்டு. மலையக நிகழ்வில் கடைசி விதி காப்பிக் காலத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. மற்றவை தடுமாறுகின்றன. நெடுந்தூரம் போனவர்கள் கொழும்பை விட்டு, வண்டிப்பாதைகூடச் சரியாக இல்லாத மலைச் சரிவுகளுக்குப் போனார்கள். தேயிலைக் காலத்தில் நெடுந்தூரப் பெயர்விலேயே பெண்கள் பெருந்திரளாக இருந்தார்கள். விதிகள் பொய் என்று பொருளில்லை. தன் விருப்பில் தகவல் விசாரித்துப் போகிறவர் இடத்தைத் தேர்கிறார். முதலாளி கட்டிக் கொண்டுபோகும்போது இடத்தை மூலதனம் தேர்கிறது. மாணவர் இந்த விதிகளைப் பயன்படுத்துமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தேர்ந்தெடுத்தது யார் என்பதே.

ஆட்கள் அசையாமல் எல்லை அசைந்தது

1939இல் இந்திய அரசு, திறன் சாராத தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. பெயர்வு ஆய்வில் இந்த ஆண்டுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. புதிதாக ஆள் வருவது நின்றதோடு, ஊருக்குப் போய்த் திரும்புவதும் சிக்கலானது. ஊரில் பெண்ணெடுப்பதும் குறைந்தது. சுழற்சியின் கடைசி இழை அறுந்தது. அதன்பின் மலையகத்தில் கூடிய மக்கள்தொகையில் மிகப் பெரும்பங்கு பிறப்பால் கூடியது.

சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று காட்டச் சொன்னது. தன் பிறப்பு வெளியே என்றால் பாட்டனையும் சேர்த்துக் காட்ட வேண்டும். தோட்டத்தில் பிறந்த தந்தையின் பிறப்புப் பதிவு பலரிடம் இல்லவே இல்லை. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வேறொரு வாசல் திறந்தது: மணமானவர்களுக்கு 7 ஆண்டு, மற்றவர்களுக்கு 10 ஆண்டு இடைவிடாத வதிவு. 12 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால் தொடர்ச்சி முறிந்தது. தாய் சாகக் கிடக்கிறாள் என்று போனவருக்கும் இதே அளவுகோல்தான். ஏறக்குறைய 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. அதே 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1947 தேர்தலில் மலையகத்தவரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. 1952இல் ஓர் இடமும் இல்லை.

இந்தக் காலத்தில் ஒருவரும் ஓர் அடிகூட நகரவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கானோர் குடிமக்கள் நிலையிலிருந்து வந்தேறிகள் நிலைக்கு மாற்றப்பட்டார்கள். கணக்கெடுப்பின் எந்தப் படிவமும் இதைப் பெயர்வு என்று காட்டாது. அடுத்து வந்த மாபெரும் பெயர்வுக்குக் காரணம் இதுவே.

ஏழுக்கு நான்கு

1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றோர் 9,75,000 பேர் என்று கொண்டு, இந்தியா 5,25,000 பேரையும் இலங்கை 3,00,000 பேரையும் ஏற்கும். மீதி 1,50,000 பின்னர். 1974இல் அந்த மீதியைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எண்ணிக்கை முதலில் முடிவானது. யார் எந்தப் பக்கம் என்பது பிறகு. பிரிக்கப்பட்டவர்களின் பிரதிநிதி ஒருவரும் அந்தப் பேச்சில் இல்லை. இலங்கைக் குடியுரிமை நான்கு பேருக்குக் கிடைக்க ஏழு பேர் இந்தியப் பக்கம் சேர வேண்டும் என்ற விகிதம் நடைமுறையை ஆண்டது. ஒரு கட்டத்தில் அது கப்பலேறியவர் எண்ணிக்கையோடு நேரடியாகக் கட்டப்பட்டது. இந்தியா ஏற்க வேண்டிய 6,00,000 பேரில் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் 5,06,000 மட்டுமே. எஞ்சிய 94,000 பேருக்கு 1980களின் பிற்பகுதியில் இலங்கையே குடியுரிமை தர வேண்டியதாயிற்று.

ஒரு குடும்பம் வெளியேறியது இப்படி. கண்டியிலிருந்த இந்தியத் தூதரகக் கிளையில் விண்ணப்பம். நீண்ட காத்திருப்புக்குப் பின் இந்தியக் கடவுச்சீட்டு. அது கையில் வந்த நாளிலிருந்து அவர் இலங்கையில் விசாவில் தங்கும் வெளிநாட்டவர். பிறகு வெளியேறும் அறிவிப்பு. தோட்டத்தில் பேர் வெட்டப்படும். சேமலாப நிதியும் (வருங்கால வைப்பு நிதி) சேவைக்காலப் பணமும் கணக்குத் தீர வேண்டும். அந்தப் பணம் வராமல் பல குடும்பங்கள் மாதக்கணக்கில் வேலையுமின்றிப் பயணமுமின்றி லயத்தில் கிடந்தன. அந்நியச் செலாவணி அனுமதி வேறு. ஒரு குடும்பம் கொண்டுபோகும் சொத்து மதிப்பின் உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் சொன்னது. மணமான மகன் இலங்கைக்கு விண்ணப்பித்து, பெற்றோர் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தால், தலைமன்னார் ரயில் மேடையில் குடும்பம் இரண்டானது.

1970களில் இந்த ஓட்டம் வேகமெடுத்ததற்குத் தனிக் காரணங்கள் உண்டு. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களைக் கலைத்தன, 1973–74இல் தோட்டங்களில் பட்டினி, 1977இல் வன்முறை. கப்பலுக்குக் காத்திருக்காமல் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காட்டு நிலத்தைத் திருத்திக் குடியேறினார்கள். அவர்கள் முன்னோர் நடந்து கடந்த அதே வன்னி. 1984இல் கப்பல் நின்றது. கடவுச்சீட்டு வைத்திருந்தும் போக முடியாமல் நின்றவர்களின் சிக்கல் 2003ஆம் ஆண்டு 35ஆம் எண் சட்டம் வரை இழுத்தது.

எண்ணும்போது எங்கே தவறுகிறது

இலங்கைக் கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்பது வம்சாவளியைக் குறிக்கும் பிரிவு. அதைப் பெயர்ந்தோர் இருப்பு என்று எடுத்துக்கொள்வதே அடிக்கடி நேரும் பிழை. 1953இல் 9.74 லட்சம், 1963இல் 11.23 லட்சம்: இந்தப் பத்தாண்டில் சட்டப்படியான தொழிலாளர் வருகை இல்லை, கூடியது பிறப்பால்.

1971இல் 11.75 லட்சம், 1981இல் 8.19 லட்சம். நேரடிச் சரிவு 3.56 லட்சம். பத்தாண்டில் இயற்கைப் பெருக்கம் ஒரு லட்சமாவது இருந்திருக்கும். ஆக இடைவெளி 4.5 லட்சத்தைத் தாண்டுகிறது. திட்டம் முழுவதிலும், 1980களில் போனவர்கள், பின்னால் பிறந்த பிள்ளைகள் உள்பட, தமிழகம் கணக்கிட்ட மொத்தமே சுமார் 1,16,000 குடும்பங்கள், 4.6 லட்சம் பேர்தான். ஒரே பத்தாண்டின் இடைவெளியைக் கப்பல் மட்டும் நிரப்பாது. மீதிப்பேர் எங்கும் போகவில்லை; கணக்கெடுப்பாளரிடம் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்தார்கள். துரத்தப்படும் பிரிவின் பெயரைச் சொல்ல யார் விரும்புவார்கள்? மீதிமுறையில், அதாவது மக்கள்தொகை மாற்றத்திலிருந்து இயற்கைப் பெருக்கத்தைக் கழித்து, நிகரப் பெயர்வு கணிப்பவர்கள் அடையாள மாற்றத்துக்கு ஒரு வரி ஒதுக்காவிட்டால் விடை பொய்க்கும்.

இந்தியப் பக்கத்தில் வேறு குழப்பம். இந்தியக் கணக்கெடுப்பு பிறந்த இடத்தையும் முந்தைய வசிப்பிடத்தையும் கேட்கிறது. நுவரெலியாவில் பிறந்து கூடலூரில் வாழ்பவர் பெயர்ந்தவர். கூடலூரில் பிறந்த அவர் மகள் அல்ல. அரசுப் பதிவேடோ இருவரையும் ‘தாயகம் திரும்பியோர்’ குடும்பம் என்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். அதற்குமுன் தமிழகத்தைப் பார்த்ததே இல்லை. எனவே இதைத் திரும்பும் பெயர்வு என்று வகைப்படுத்துவது தவறு. அரசுகளின் ஒப்பந்தத்தால் நடந்த முதல்முறைப் பெயர்வு இது.

மண்டபத்துக்குப் பின்

இராமேசுவரத்தில் இறங்கியவர்களை மீண்டும் மண்டபம் முகாமே வரவேற்றது. அங்கே குடும்ப அட்டை தரப்பட்டது. எந்த மாவட்டம், எந்த மறுவாழ்வுத் திட்டம் என்பது அதில் இருக்கும். தேயிலைக்கு நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், பிற்பாடு டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்), ரப்பருக்குக் கன்னியாகுமரி, கர்நாடகத்தின் சுள்ளியா, கேரளத்தின் புனலூர், நூற்பாலைகள், கடன் வழங்க 1969இல் ரெப்கோ வங்கி. ஆனால் தோட்டத் திட்டங்களில் இடம் கிடைத்தவர்கள் குறைவு. பெரும்பான்மைக்குக் கிடைத்தது 5,000 ரூபாய் வரையிலான வியாபாரக் கடன்.

அது தோற்ற விதத்தைப் பார்த்தால் திட்டமிட்டவர்கள் பெயர்வைப் புரிந்துகொள்ளவில்லை என்று தெரியும். கொழுந்து பறிக்கவும் கவாத்து வெட்டவும் தெரிந்தவருக்குக் கடை வைக்கப் பணம். பாட்டன் ஊர் என்று பதிந்த வறண்ட மாவட்டத்தில் இடம். அங்கே நிலமும் இல்லை, அறிந்த உறவும் இல்லை, கடன் சொல்லிச் சரக்கு தருபவரும் இல்லை. கடன் தொகையில் இடைத்தரகர் ஒரு பங்கை எடுத்தார். மீதி வாடகைக்கும் வயிற்றுக்கும் போனது. முதல் தீர்ந்ததும் தவணை மட்டும் நின்றது. உடனே அடுத்த பெயர்வு தொடங்கியது. மலையகத்து உறவு யார் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் ஏறினார்கள். கங்காணி இல்லாமலே அதே சங்கிலி. இந்தத் தடவை குளிரும் தேயிலையும் தெரிந்தவை என்பதே இழுத்தது.

கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் அவர்கள் குடிசை போட்ட நிலத்தின் பெரும்பகுதி, 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜன்மி நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் உரிமை முடிவாகாமல் நின்ற நிலம். அங்கே பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் மின் இணைப்பும் வீட்டுக் கடனும் பல ஆண்டுகள் எட்டவில்லை. பட்டியல் சாதிக் குடும்பங்கள் சாதிச் சான்றுக்கு அலைந்தன. தமிழகத்தில் அவர்களுக்கு முந்தைய ஆவணம் இருக்கவில்லை. டான்டீ குடியிருப்பில் இருந்தவர்களுக்கு வேலை ஓய்வோடு வீடும் போகும் நிலை. 2022இல் டான்டீயின் நிலத்தில் சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு ஆணையிட்டபோது, அந்தக் கோட்டங்களில் மூன்றாம் தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்கள் அடுத்து எங்கே என்று மறுபடி கேட்க வேண்டி வந்தது.